மடியும் ஆசனமும்

எங்கள் வீட்டில் ஏணை கட்டுவதற்கென்றே ஒரு வளை உண்டு. என் பிள்ளைகள் மூவரும் அந்த வளையிற் தொங்கிய ஏணையிலேயே உறங்கினர். நானும் அப்படியே உறங்கியதாக என் தாயார் சொல்லுவார். ஏணையைப் பற்றி ஒரு விசேடம் சொல்லலாம். அதனை எவரும் பயணத்துக்குக் காவிச் செல்வதில்லை. போகின்ற வீட்டில் ஒரு வளை இருக்கும். ஒரு பழைய நூற்சேலையும் இருக்கும். இரண்டு நிமிடத்தில் தொட்டில் ஆயத்தமாகிவிடும். குழந்தைக்கு வேண்டியவை யாவும் போகுமிடத்தில் இரவலாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடுதான் எங்கள் தலைமுறை பிள்ளை வளர்த்தது.

ஆதலால், ரொறன்ரோவில் வாழும் என் மகள் 2023 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒருநாள் தொலைபேசியில், "அப்பா, பிள்ளையின்ரை கார் சீற்றை இங்கையிருந்து கொண்டு வாறதோ, அங்கை வாடகைக்கு எடுக்கலாமோ?" என்று கேட்டபொழுது, நான் யோசியாமலே விடை சொல்லிவிட்டேன்.

"உதையும் காவிக்கொண்டு வரப் போறியே, பிள்ளை? இங்கை எடுக்கலாம்."

கார் சீற் என்று அவள் சொன்ன பொருளை எம்மூரவரிற் பலர் வெளிநாட்டிலிருந்து வரும் படங்களில் மாத்திரமே கண்டிருப்பர். மோட்டார் வண்டியின் ஆசனத்தின்மேல் வைத்து, வண்டியின் பட்டியாலேயே அதனை இறுகக் கட்டி, அதற்குள்ளே குழந்தையை இரு தோள், இரு இடுப்பு, கால்களினிடை என ஐந்து முனைகளிற் பிணைக்கும் சிறிய ஆசனம் அது. ஒன்ராறியோ மாகாணத்தில், பிறந்த குழந்தையை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டு செல்லும் முதற் பயணத்துக்கே இது வேண்டும். குழந்தை 9 கிலோ நிறை அடையும் வரையிலாவது அது வண்டியின் பின்புறத்தை நோக்கியே இருக்க வேண்டும். பின்னர் 18 கிலோ வரையிற் பட்டி பூட்டிய ஆசனம். அதற்குமேல், எட்டு வயது வரையில், வண்டியின் பட்டி தோளிற் சரியாக விழும்படி பிள்ளையை உயர்த்திவைக்கும் ஆசனம். நம் நாட்டில் 2011 ஆம் ஆண்டு முதல் சாரதியும் முன்னாசனத்தில் இருப்பவரும் பட்டி அணிய வேண்டும் என்பது சட்டம். குழந்தையின் இடமோ, வழக்கப்படி, தாயின் மடி அல்லது பாட்டியின் மடி.

வாகனம் வாடகைக்கு விடும் ஒருவரிடம் வானுக்கும் ஆசனத்துக்கும் சேர்த்தே சொல்லிவைத்தேன். மகள் குழந்தையோடு தனியாக வந்தாள். நல்லூர்த் திருவிழாக் காலம். பேத்திக்கு எட்டு மாதம். நிறை எட்டுக் கிலோ. நானும் மனைவியும் அதே வானிற் கட்டுநாயக்காவுக்குப் போயிருந்தோம். விடியற்காலை நான்கு மணிக்கு, விமான நிலையத்தின் வாகனத் தரிப்பிடத்தில், என் மகள் அந்த வாடகை ஆசனத்தைக் கையடக்கத் தொலைபேசியின் வெளிச்சத்திற் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்ற காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதன் அடிப்புறத்தில் இருக்கவேண்டிய ஒட்டுத்தாள் உரிந்துபோயிருந்தது. எந்த ஆண்டிற் செய்யப்பட்டது, எத்தனை கிலோக் குழந்தைக்கு உரியது என்று அறிய வழியில்லை. தோட்பட்டியில் ஒன்று இழுத்தால் வரவில்லை. அவற்றைக்கூட அவள் எவ்வாறோ சமாளித்திருப்பாள். ஆயின், அந்த ஆசனம் தோளுக்கும் இடுப்புக்கும் சேர்ந்து வரும் பட்டியாற் கட்டுவதற்கென அமைந்தது. வானின் நடு வரிசையிலோ இடுப்புப் பட்டி மாத்திரமே இருந்தது. நாற்பது நிமிடம் முயன்று பார்த்துவிட்டு, ஆசனத்தைப் பின்னாற் போட்டாள்.

"நான் மடியிலை வைச்சிருக்கிறன். எத்தினை பிள்ளையளை வைச்சிருந்திருப்பன்!" என்றாள் என் மனைவி, உள்ளூர மகிழ்ச்சியோடு.

கட்டுநாயக்காவிலிருந்து புத்தளம், அனுராதபுரம், வவுனியா வழியாக யாழ்ப்பாணம் ஏறக்குறைய 380 கிலோமீற்றர். நொச்சியாகமத்துக்கு அண்மையில், காலை வெயில் ஏறிய வேளையில், மாட்டு மந்தையொன்று திடீரென வீதிக்கு ஏறியது. சாரதியில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அவர் மணிக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடவில்லை. நேரத்துக்குத் தடுப்பையும் அழுத்தினார். மாடுகளிலும் முட்டவில்லை. ஆனால் இரவெல்லாம் விழித்திருந்த என் மனைவி அந்த வேளையிற் கண்ணயர்ந்திருந்தாள். குழந்தை அவள் கைகளிலிருந்து வழுகி, முன்னாசனத்தின் முதுகில் வாய் அடிபட, கீழே சரிந்தது. மேலுதடு வெடித்து இரத்தம். வழியில் ஒரு வைத்தியரிடம் காட்டினோம். தையல் வேண்டியிருக்கவில்லை. யாழ்ப்பாணம் வரும் வரையில் என் மனைவி ஒரு சொல்லும் பேசவில்லை. என் மகள் குழந்தையை எவர் கையிலும் கொடுக்கவில்லை.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் பௌதிகவியல் படிப்பித்தவன். நியூற்றனின் முதலாம் விதியை விளக்க, திடீரென நிற்கும் பஸ்ஸில் முன்னோக்கிச் சாயும் பிரயாணியை எத்தனை வகுப்புகளில் உதாரணம் காட்டியிருப்பேன்! அந்தப் பிரயாணியின் மடியில் ஒருநாளாவது ஒரு குழந்தையை நான் இருத்திப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்த இரவில் ஒரு கடதாசியை எடுத்துக் கணக்குச் செய்தேன். மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர். அன்று நடந்ததுபோல வண்டி இரண்டு செக்கனில் நிற்குமாயின், எட்டுக் கிலோக் குழந்தை முன்னே போகும் இழுவை ஆறு கிலோப் பாரத்துக்கும் குறைவு. விழித்திருக்கும் கை அதனைத் தாங்கும். அயர்ந்த கை விட்டுவிடும். மாறாக, எதிரே வந்த லொறியில் மோதி, வண்டி ஒரு செக்கனிற் பத்திலொரு பங்கில் நின்றிருந்தால்? அப்பொழுது அதே குழந்தையைப் பிடித்திருக்க 110 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்கும் கை வேண்டும். இரண்டு சீமெந்துப் பைகளுக்கும் அதிகம். வேறொரு விதமாகவும் கணக்கிட்டேன்: அந்த வேகத்தில் மோதுவது, பத்து மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். கடதாசியை மடித்து மேசை இலாச்சிக்குள் வைத்தேன், மனைவிக்குக் காட்டவில்லை.

காட்டியிருந்தாலும் அவள் ஒப்பியிருக்க மாட்டாள் என்றே அப்பொழுது எண்ணினேன். மடி என்பது எங்களவர்க்கு வெறும் இடமன்று. பேத்தியைக் காண எட்டு மாதம் காத்திருந்த ஒருத்தியிடம், உன் மடி ஆகாது, இந்தப் பிளாஸ்ரிக் பெட்டிதான் ஆகும் என்று சொல்ல எவருக்கு வாய் வரும்? இந்த மனத்தாங்கல் யாழ்ப்பாணத்துக்கு மாத்திரம் உரியதுமன்று. குழந்தைகளுக்கு இத்தகைய ஆசனம் வேண்டுமென்று அமெரிக்காவில் முதன்முதற் சட்டம் செய்த மாநிலம் தெனசி. றொபேட் சாண்டர்ஸ் என்ற குழந்தை வைத்தியர் விடாது முயன்றதன் பயனாக அச்சட்டம் 1978 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் சட்டசபையார் அதில் ஒரு விலக்கைச் சேர்த்துவிட்டார்கள்: பெரியவர் ஒருவர் குழந்தையைக் கையில் ஏந்தியிருந்தால் ஆசனம் வேண்டியதில்லை என்று. தாயின் கையைவிடப் பத்திரமான இடம் வேறேது என்ற நியாயந்தான். மோதும்பொழுது ஏந்தியிருப்பவரின் உடலே குழந்தையை முன்னால் வைத்து நெரித்துவிடும் என்று வைத்தியர்கள் வாதாடினார்கள். அந்த விலக்கு நீங்க 1981 ஆம் ஆண்டாயிற்று. மடியின் பெருமையோடு வழக்காடி வெல்ல ஒரு மாநிலத்துக்கே மூன்று ஆண்டு சென்றதென்றால், என் வீட்டில் இரண்டு ஆண்டு சென்றது பெரிய காரியமா?

2025 ஆம் ஆண்டு மே மாதத்தில் மகள் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாள். இம்முறை மருமகனும் வருவதாக இருந்தது. "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

உண்மையாகவே யோசித்தேன். வாடகை என்றால் இகழ்ச்சி என்று நான் சொல்லவில்லை. அவர்கள் ஒருமுறை வன்கூவருக்குப் போனபொழுது காரோடு ஆசனத்தையும் வாடகைக்கு எடுத்தார்களாம், நன்றாகவே இருந்ததாம். கனடாவிற் பாவிக்கப்படும் ஒவ்வோர் ஆசனத்திலும் மேப்பிள் இலை பொறித்த தேசியப் பாதுகாப்பு முத்திரை இருந்தாக வேண்டும். அஃது இல்லாத ஆசனம், வேறு நாட்டில் எவ்வளவு உயர்ந்ததாயினும், அங்கே செல்லாது. ஆகவே எதை எடுத்தாலும் பழகிய முறையில் அமைந்ததாகவே இருக்கும். காரிலும் அதனைப் பூட்ட வேண்டிய கொளுவிகள் உரிய இடத்தில் இருக்கும். அங்கே கேள்வி பணத்தைப் பற்றியதுதான். நாட்கூலியாக எடுத்தால், இரண்டு வாரத்தில் அந்த வாடகை ஒரு மலிவான புதிய ஆசனத்தின் விலையைத் தொட்டுவிடும் என்றாள் மகள். மலிவான ஆசனமும் விலையுயர்ந்த ஆசனமும் ஒரே பரீட்சையிற் தேறியவையே. விலை வித்தியாசம் பெரும்பாலும் மெத்தையிலும் சௌகரியத்திலும் என்றும் சொன்னாள். மாணவர் பலரைப் பரீட்சைக்கு அனுப்பிய எனக்கு அது புதுமையான செய்தியாகப் படவில்லை.

நம்மிடத்திலோ கேள்வி வேறு. கொழும்பில் மூன்று இடங்களுக்குத் தொலைபேசியிற் பேசினேன். ஆசனம் எந்த ஆண்டிற் செய்தது? அதன் ஆயுள் எந்த ஆண்டில் முடிகிறது? விபத்தில் அகப்பட்டதா? இடுப்புப் பட்டி மாத்திரம் உள்ள வானிற் கட்டலாமா? கைந்நூல் இருக்கிறதா? மூவரும் மரியாதையாகவே பேசினார்கள். "நல்ல சீற் ஐயா, வெளிநாட்டுச் சீற்" என்றார் ஒருவர். மற்றவர் நிறத்தைச் சொன்னார். ஆயுள் முடியுமா என்ற கேள்வி மூவருக்கும் விநோதமாகப் பட்டது. எனக்கும் அது முதலில் விநோதமாகவே இருந்தது. வெயிலிலும் குளிரிலும் கிடந்து பிளாஸ்ரிக்கு நொய்ந்துபோகும் என்பதற்காகவே அதில் ஒரு முடிவாண்டு பொறிக்கிறார்கள். கடும் விபத்தொன்றிற் சிக்கிய ஆசனத்தை, கண்ணுக்கு வெடிப்புத் தெரியாவிட்டாலும், மறுபடி பாவிப்பதில்லை. வாடகைப் பொருளின் சரித்திரம் அதனை வாடகைக்கு விடுபவருக்கே தெரியாதென்றால், எடுப்பவனுக்கு எங்ஙனம் தெரியும்? ஏணைச் சேலை இற்றுப்போயிருந்தால் கையால் இழுத்துப் பார்த்து அறியலாம். இதில் அந்த வசதியும் இல்லை.

"கொண்டு வா, பிள்ளை" என்றேன்.

அதன்பின் அவர்கள் வீட்டில் விவாதம். பொதியோடு போடுவதா, விமானத்துக்குள்ளே கொண்டுபோவதா? பல விமான நிறுவனங்கள் குழந்தை ஆசனத்தைப் பொதிக் கணக்கிற் சேர்க்காமல் இலவசமாக ஏற்றும். ஆயினும் முன்கூட்டிக் கேட்டறிந்து கொள்வதே நன்று. பொதி அறைக்குட் போனால் அது எப்படி எறியப்படும், அதன்மேல் எது விழும் என்பது எவர்க்கும் தெரியாது. வாடகை ஆசனத்தைப் பற்றி நான் பட்ட அதே ஐயம் சொந்த ஆசனத்தைப் பற்றியும் எழும். பேத்திக்கு இரண்டு வயது கடந்துவிட்டபடியால் அவளுக்குத் தனிச்சீட்டு எப்படியும் வாங்கத்தான் வேண்டும். ஆகவே அவளுடைய ஆசனத்தை அவளுடைய இடத்திலேயே பொருத்திக்கொண்டு வருவதென முடிவாயிற்று. விமானத்திலும் பாவிக்கலாம் என்று அந்த ஆசனத்திலேயே எழுதியிருந்தது. சாளரத்தருகே வைத்தால் மற்றவர் எழுந்து போக இடைஞ்சல் இராது. வளைகுடா நகரமொன்றில் விமானம் மாறும்பொழுது அதனை மருமகன் முதுகிற் கட்டிக்கொண்டு ஓடியதாகக் கேள்வி. அவர் அதைப் பற்றி அதிகம் பேச விரும்புவதில்லை.

இங்கே ஒரு சிறு விலகல். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை விமானத்தில் மடியில் வைத்திருக்க அமெரிக்காவில் இன்றும் அனுமதி உண்டு. அவர்களுக்கும் தனியிடம் கட்டாயம் என்றால், செலவுக்கு அஞ்சிச் சில குடும்பங்கள் காரிற் புறப்படும். வீதி ஆகாயத்தைவிட ஆபத்தானது. ஆகவே கட்டாயப்படுத்தவில்லை என்று அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2005 ஆம் ஆண்டிற் காரணம் சொல்லியது. ஆயிரக்கணக்கான மைல் கடலையும் மலையையும் தாண்டி வரும் பிள்ளைக்கு மெய்யான ஆபத்து கட்டுநாயக்கா வாசலிலேதான் தொடங்குகிறது என்பது என் கணக்கு.

ஆதலால் எனக்கு ஒரு வேலை எஞ்சியிருந்தது. ஆசனம் வந்தாலும் அதனைக் கட்டப் பட்டி வேண்டுமே. யாழ்ப்பாணத்தில் வான் வைத்திருப்பவர்களிடம் நானே நேரிற் போனேன். முதலாமவர் என் பழைய மாணவர். வானுக்குப் புதுச் சீலை தைத்து, மிக அழகாக வைத்திருந்தார்.

"பட்டி எங்கை, தம்பி?"

"அது சீற்றுக்குக் கீழை போட்டுத் தைச்சாச்சு, மாஸ்ரர். ஆரும் கேக்கிறேல்லை."

இரண்டாமவரின் வானில் நடு வரிசைக்குப் பட்டியே இல்லை. மூன்றாமவரின் வானில், நடு வரிசையில் யன்னற் பக்கத்து இடத்துக்குத் தோளும் இடுப்பும் சேர்ந்த பட்டி இருந்தது. இழுத்துப் பார்த்தேன், வெடுக்கென இழுத்தபொழுது நின்றது. பூட்டியும் கழற்றியும் பார்த்தேன். படம் பிடித்து மகளுக்கு அனுப்பினேன். வான்காரர் என்னை ஒருவிதமாகப் பார்த்தார். பெண் பார்க்கப் போனவன் பல்லையும் எண்ணிப் பார்த்ததுபோல் அவருக்குத் தோன்றியிருக்கக் கூடும்.

மகளிடமிருந்து மறுமொழி வந்தது. முன்னோக்கி இருத்துவதானால் ஆசனத்தின் மேற்பகுதியை வண்டியோடு பிணைக்க இன்னொரு நாடா உண்டு. கனடாவில் அதனைப் பூட்டியே ஆக வேண்டும். அதற்குரிய கொளுவி வானில் இல்லை. "அப்ப பின்பக்கம் பாத்தே இருக்கட்டும், அப்பா. இந்தச் சீற்றிலை 18 கிலோ வரைக்கும் அப்பிடி வைக்கலாம். அதுக்கு அந்த நாடா தேவையில்லை." பேத்திக்கு அப்பொழுது 13 கிலோ. பின்னோக்கி இருப்பது சிசுக்களுக்கு மாத்திரம் என்று நான் எண்ணியிருந்தேன். அது தவறு. 1960-களில் சுவீடனில் பேர்ட்டில் ஆல்ட்மன் என்ற அறிஞர், விண்கலம் மேலெழும்பொழுது அதன் வீரர்கள் முதுகாலே விசையைத் தாங்கிக் கிடக்கும் முறையைக் கண்டு, குழந்தையையும் அவ்வாறே முதுகு முன்புறமாக இருத்தலாம் என்று எண்ணினார். குழந்தையின் தலை பாரமானது, கழுத்து நொய்தானது, பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் ஆசனத்தின் முதுகுப்புறம் ஒன்றாகத் தாங்கும். சுவீடனில் நான்கு வயது வரையிற் பிள்ளைகள் அப்படியே பயணஞ் செய்கிறார்கள்.

ஓகஸ்ட் மாதத்தில் மறுபடியும் கட்டுநாயக்கா, மறுபடியும் விடியற்புறம். மருமகன் ஆசனத்தின்மேல் முழங்காலை ஊன்றி அழுத்த, மகள் பட்டியை இழுத்துப் பூட்டினாள். பட்டி போகும் இடத்திற் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாதாம். குழந்தையை இருத்தி, தோட்பட்டியை இரு விரலாற் கிள்ளிப் பார்த்தாள். மடிப்பு அகப்படக் கூடாதாம். எல்லாம் ஆறு நிமிடம். என் மனைவி வான் வாசலில் நின்று, ஒன்றும் பேசாமற் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏறி, ஆசனத்துக்குப் பக்கத்து இடத்தில், குழந்தையின் முகம் தெரியத்தக்கதாகச் சற்றுச் சாய்ந்து அமர்ந்தாள்.

சிலாபம் வரையிற் பேத்தி அழுதாள், அதனை மறைப்பானேன்? "தூக்குங்கோ அம்மம்மா" என்று கை நீட்டினாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் வீதியைப் பார்த்தேன். அவள் தன் கையைப் பட்டிக்கு மேலாக நீட்டிக் குழந்தையின் நெஞ்சில் வைத்து, ஏணை ஆட்டும்பொழுது பாடும் பாட்டை மெல்லப் பாடத் தொடங்கினாள். புத்தளத்துக்கு முன்னமே பிள்ளை உறங்கிவிட்டது. நொச்சியாகமத்தைக் கடக்கும்பொழுது எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மனைவி உறங்கவுமில்லை, கையை எடுக்கவுமில்லை. ஆனையிறவில் உப்புக் காற்று முகத்தில் அடித்தபொழுதுதான் பேத்தி கண் விழித்து, பின் கண்ணாடியில் ஓடி மறையும் வெளியைப் பார்த்து, "தண்ணி, தண்ணி" என்று கூவினாள்.

மூன்று வாரம் அந்த ஆசனம் எங்கள் விறாந்தையில் இருந்தது. அடுத்த முறைக்கு இங்கேயே வைத்துவிட்டுப் போகலாமே என்று அயலார் சொன்னார்கள். ரொறன்ரோவில் விமானத்தால் இறங்கி வீட்டுக்குப் போக அது வேண்டும். அன்றியும், அடுத்த முறை பிள்ளை வளர்ந்திருக்கும். அவர்கள் புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு, என் மனைவி தையல் மெசினைத் துடைத்து, பழைய யன்னற் சீலையொன்றை எடுத்து, அந்த ஆசனத்தை அளந்து அதற்கு ஓர் உறை தைத்தாள். முதுகிற் போடுவதற்கு இரண்டு அகன்ற தோள்வார். மருமகனுக்கு உறுத்தாதபடி உள்ளே பழந்துணி வைத்து மெத்தையாக்கியிருந்தாள். பக்கத்தில் ஒரு பை.

"இதென்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"அந்தப் புத்தகம் வைக்க. பேந்து அதைத் தேடித் திரியிறதே?" என்றாள்.